பட்டியலில் இல்லாதவர்

பிப்ரவரி 18, செவ்வாய்

பிற்பகல் மூன்று மணிக்கு ஆராய்ச்சி நிலையத்தின் நெறிமுறைக் குழு கூடியது. மனிதர்களை உட்படுத்திச் செய்யும் ஆய்வு எதுவாயினும் எங்கள் ஒப்புதலின்றித் தொடங்க இயலாது. சட்டம் அறிந்த உறுப்பினராக நான் அதில் இருப்பது இது நான்காம் ஆண்டு. இன்று மூன்று ஆய்வுகள் வந்தன: பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு அச்சம் குறித்து உளவியல் துறையிலிருந்து ஒன்று; துறைமுகத்தில் முறைமாற்றி வேலை செய்வோரின் தூக்கம் குறித்து ஒன்று; உப்பளப் பெண்களின் சிறுநீரகம் குறித்து ஒன்று. "வானத்த ஆராயுறவங்கதான் குடுத்து வச்சவங்க. நட்சத்திரத்துகிட்ட யாரும் கையெழுத்து வாங்க வேண்டாம்" என்றார் தலைவர் பேராசிரியர் ஞானராஜ்.

மூன்றாவது ஆய்வு டாக்டர் சுகிர்தாவுடையது. வெயிலில் உப்பு வாரும் பெண்களுக்கு நாளடைவில் சிறுநீரகம் பழுதாகிறது. அதைத் தடுக்குமா என்று அறிய, தண்ணீரில் கலந்து குடிக்கும் தூள் ஒன்றைத் தருகிறார்கள். மஞ்சள் பட்டைப் பொட்டலம் ஒரு வகை, நீலப் பட்டைப் பொட்டலம் மறு வகை. ஒன்றில் வழக்கமான உப்பும் சர்க்கரையும். மற்றொன்றில் கூடுதலாக ஒரு பொட்டாசியச் சேர்மம். எந்த நிறத்தில் எது என்பது முத்திரையிட்ட உறையில் இருக்கும். முதலில் இரத்தப் பரிசோதனை. சிறுநீரகம் ஏற்கெனவே நலிந்தவர்கள் விலக்கப்படுவர்.

ஒப்புதல் படிவத்தில் ஒரு திருத்தம் செய்தேன். "விலக்கத்துக்கான காரணம் அவருக்கு நேரில் விளக்கிச் சொல்லப்படும்" என்றிருந்ததை, "மருத்துவக் குறிப்புச் சீட்டின் வழியே தெரிவிக்கப்படும்" என்று மாற்றினேன். வாய்ச்சொல்லுக்குப் பின்னாளில் சான்று இராது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், குழுவின் பொதுமக்கள் உறுப்பினர், "வாசிக்கத் தெரியாதவங்களுக்கு?" என்று கேட்டார். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்றேன். திருத்தம் ஏற்கப்பட்டது.

மார்ச் 6, வியாழன்

காலை எட்டு மணிக்கு இரண்டு பெண்கள் வந்தனர். ஐயம் எழுந்தால் தொடர்புகொள்ள வேண்டியவர் என்று படிவத்தின் அடியில் என் பெயரும் முகவரியும் அச்சாகியிருப்பதே காரணம். ஒருவர் சொர்ணவடிவு, வயது முப்பத்தெட்டு. மற்றவர் பேச்சியம்மாள், உப்பளத்தின் நான்காம் கொட்டகைப் பெண்களில் மூத்தவர்.

"எல்லாத்துக்கும் பாக்கெட்டு குடுக்காவ ஐயா. எனக்கு மட்டும் இல்லங்காவ. நான் என்ன வேல செய்யாதவளா?" என்றார் சொர்ணவடிவு.

"இவ ஒருத்தி வாருத உப்ப ரெண்டு பேரு சேந்து சுமக்கணும்" என்றார் பேச்சியம்மாள். "இவளத் தள்ளிட்டு நாங்க மட்டும் மடக்கு மடக்குன்னு குடிச்சா உள்ள எறங்குமா? வெயிலு இவளுக்கு மட்டும் லீவு குடுக்கலியே."

சொர்ணவடிவிடம் தரப்பட்டிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். சில ஆங்கில எழுத்துகளும் எண்களும். கீழே, "சிறுநீரகத்தின் செயல்திறன் பாதிக்கும் கீழே குறைந்துள்ளது. உரிய மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார்" என்று ஒரு வரி.

"இதை மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாம் எழுதியிருக்கிறது" என்றேன்.

"எந்த டாக்டர்ட்ட?"

"பெரிய ஆஸ்பத்திரியில்."

"ஒரு நா வேல போயிருமே" என்று சொல்லி, சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சீட்டின் பொருளை நான் விரிக்கவில்லை. நான் மருத்துவன் அல்லன். தவறாகச் சொல்லிவிடக்கூடிய ஒன்றைச் சொல்லாதிருப்பதே முறை. விலக்கம் அவர் நன்மைக்கே என்பதை மட்டும் இருமுறை அழுத்திக் கூறினேன்.

மார்ச் 7, வெள்ளி

பின்கட்டுக் குழாயின் கசிவு சரிசெய்யப்பட்டது. கறுப்புக் கோட்டின் கைப்பித்தான் தைக்கக் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 9, புதன்

உப்பளத்தில் நேர்ப் பார்வை. குழுவின் சார்பில் ஓர் உறுப்பினர் ஆய்விடத்தைப் பார்த்து, ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்ப வேண்டும். முறை என்னுடையது.

காலை ஒன்பதரைக்கே கண் திறக்க முடியாத வெளிச்சம். பாத்திகளில் வெயில் பட்டுத் திரும்பி முகத்தின் கீழ்ப்புறத்தையும் சுட்டது. நான்காம் கொட்டகையில் களப்பணியாளர் பெயரும் எண்ணும் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் அவரவர் பொட்டலத்தைக் கொடுத்தார். ஒவ்வொருவரும் விரல் ரேகை வைத்தனர். ஒழுங்காக நடந்தது. அவர் அடுத்த கொட்டகைக்குப் போனார். நான் நிழலுக்காகச் சற்று நின்றேன்.

அப்போது செல்வமேரி என்னும் இளம்பெண் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பெண்கள் ஒவ்வொருவராகத் தம் பொட்டலத்தைக் கிழித்து அதிலேயே கொட்டினர். அவர் ஒரு கரண்டியால் கலக்கினார்.

"எல்லாவற்றையும் ஒன்றாகவா?" என்று கேட்டேன்.

"மஞ்சளு ஒரு ருசி, நீலம் ஒரு ருசி ஐயா. கலந்தாத்தான் சர்பத்து மாரி இருக்கு" என்றார் செல்வமேரி.

"ஏட்டி, வக்கீலய்யாட்ட ருசியச் சொல்லாத. அதுக்கும் ஒரு கேசப் போட்டுருவாவ" என்றார் பேச்சியம்மாள். எல்லோரும் சிரித்தனர். பிறகு என்னிடம், "இங்க எது வந்தாலும் பங்குதான் ஐயா. ஒருத்திக்கு ஒண்ணு, இன்னொருத்திக்கு வேற ஒண்ணுன்னா எப்பிடி? என்ன நம்பரு போட்டுக் குடுத்தாலும் வெயிலு ஒண்ணுதான்" என்றார்.

அந்தக் கொட்டகைக்குப் பட்டியலில் பத்துப் பேர். குடத்தைச் சுற்றிப் பதினொரு டம்ளர்கள் இருந்தன.

ஆறாம் கேள்வி: "பொட்டலங்கள் எண்படி உரியவரிடம் வழங்கப்பட்டனவா?" ஆம் என்று எழுதினேன். வழங்கப்பட்ட பின் நிகழ்வது குறித்துப் படிவத்தில் கேள்வி இல்லை. பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். செருப்பெல்லாம் உப்பு.

ஏப்ரல் 10, வியாழன்

நேற்றுக் கண்டதை டாக்டர் சுகிர்தாவுக்கு ஒரு கடிதமாகத் தெரிவிப்பது நலம் என்று தோன்றியது. வரைவு எழுதினேன். "கலந்து குடிப்பதைக் கண்டேன்" என்ற தொடர் ஒரு குற்றச்சாட்டுப் போல் ஒலித்தது. "கலந்து குடிக்கும் வழக்கம் இருக்கக்கூடும் எனத் தோன்றியது" என்று மாற்றினேன். அப்படியானால் எதை வைத்துத் தோன்றியது என்று கேட்பார்கள். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 26, சனி

குழுக் கூட்டம். பொருள்நிரலின் கடைசியில் "பிற" என்று ஓர் இனம் உண்டு. அதில் வாய்மொழியாகக் குறிப்பிடலாம் என்றிருந்தேன். துறைமுகத் தூக்க ஆய்வின் விவாதம் நீண்டது. அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. "பிற ஏதும் இல்லைன்னு எழுதிடலாமா?" என்று தலைவர் கேட்டபோது இருவர் ஏற்கெனவே கை கழுவப் போயிருந்தனர்.

வெளியே வராந்தாவில் டாக்டர் சுகிர்தா நின்றிருந்தார்.

"சார், நாலாம் கொட்டகைக்குப் போனீங்களாமே. எப்படிப் போகுது?"

"வழங்குதல் ஒழுங்காக நடைபெறுகிறது."

"அப்பாடா" என்று சிரித்தார். "எங்க அப்பா உப்பளத்துலதான் சார் இருந்தாங்க. நாப்பத்தாறு வயசு. காலு வீங்கிச்சு, மூச்சு வாங்கிச்சு, என்னன்னு தெரியறதுக்குள்ள போய்ட்டாங்க. இதுக்காக மூணு வருஷமா அலையுறேன். நடுவுல யாராச்சும் ஒரு குளறுபடி பண்ணாங்கன்னா எல்லாம் போச்சு."

அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன விடையில் பிழை ஏதுமில்லை.

மே 3, சனி

கடிதத்தின் மூன்றாம் வரைவு. மின்விசிறி நின்று நின்று ஓடுகிறது.

மே 21, புதன்

பகல் பதினொன்றரைக்குத் தொலைபேசி. பேச்சியம்மாள்.

"வடிவு போயிட்டா ஐயா."

உப்புக் கூடையைச் சுமந்து வரப்பில் வந்துகொண்டிருந்தாராம். கை கால் ஓய்ந்து வருகிறது என்று சொல்லிக் கூடையை இறக்கினாராம். "செத்த உக்காருதேன்" என்றாராம். வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் இருதயம் நின்றுவிட்டது.

என்னிடம் ஏன் தெரிவித்தார் என்று கேட்கவில்லை. படிவத்தில் என் பெயர்தானே இருக்கிறது.

மே 22, வியாழன்

டாக்டர் சுகிர்தா தொலைபேசியில் பேசினார். "பாவம் சார். நல்ல வேளை, அவங்க நம்ம ஆய்வுல இல்ல."

விதியை எடுத்துரைத்தேன்: ஆய்வில் பங்குபெறுபவர் ஒருவருக்கு நேரும் கடும் தீங்கே குழுவுக்கு அறிவிக்கத்தக்கது. விலக்கப்பட்டவர் பங்குபெறுபவர் அல்லர். ஆகவே இதில் குழுவுக்கு அதிகார வரம்பு இல்லை.

இரவு சாப்பிடவில்லை.

மே 24, சனி

மாலை டாக்டர் சுகிர்தா வீட்டுக்கே வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தவுடன் எடுத்த இரத்தத்தின் முடிவு அவருக்குக் கிடைத்திருக்கிறது.

"பொட்டாசியம் எங்கயோ இருக்கு சார். இருதயத்த நிறுத்துற அளவு. சிறுநீரகம் நல்லா இருந்தா அத வெளிய தள்ளிடும். இவங்களுக்குத் தள்ளத் தெம்பு இல்ல. அதனாலதான் விலக்குனோம். விலக்குனவங்க ஒடம்புல அது எப்படி சார் வந்துச்சு?"

மனைவி கோமதியைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

"நாளைக்கு நேர்ல போய்க் கேட்டுப் பாக்குறேன்" என்று எழுந்துகொண்டார். வாசல் வரை சென்று வழியனுப்பினேன்.

மே 25, ஞாயிறு

டாக்டர் சுகிர்தாவுக்குத் தெரிந்துவிட்டது. கொட்டகையிலேயே நின்று, "நீங்க கலந்து குடுத்ததாலதான் செத்துட்டாங்க, ஏன் இப்படிப் பண்ணீங்க" என்று கத்தி அழுதுவிட்டாராம். ஆய்வு அனைத்துக் கொட்டகைகளிலும் நிறுத்தப்பட்டது.

ஜூன் 12, வியாழன்

சிறப்புக் கூட்டம். தலைவர் தீர்மான வரைவை வாசித்தார்: "பங்கேற்பாளர்கள் பொட்டலங்களைப் பகிர்ந்து குடித்த வழக்கம், மேற்படி மரணத்துக்குப் பின்னரே குழுவின் கவனத்துக்கு வந்தது."

"ஆவுடையப்பன், வாசகம் சரியா இருக்கான்னு நீங்க பாத்துருங்க" என்று தாளை என் பக்கம் தள்ளினார்.

பார்த்தேன். "குழுவின் கவனம்" என்பது குழுவாகக் கூடியிருக்கையில் வைக்கப்பட்ட பொருளையே குறிக்கும்; தனி உறுப்பினர் ஒருவரின் கண்ணில் பட்டது அதில் அடங்காது என்று வாதிட இடமுண்டு. "மேற்படி" என்பதை "குறிப்பிட்ட" என்று திருத்தி ஒப்பமிட்டேன்.

டாக்டர் சுகிர்தா கூட்டம் முழுவதும் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குக் கடும் எச்சரிக்கை.

ஜூன் 18, புதன்

பேச்சியம்மாள் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேரி சாப்பிட மாட்டேங்கா ஐயா. எட்டு நாளாச்சு. வெறுந்தண்ணியும் கடுங்காப்பியும்தான். வடிவு மாப்பிள லிங்கத்துரை அவ வீட்டு முன்னால வந்து நின்னு, எம் பொண்டாட்டிக்கு வெசத்தக் கலக்கிக் குடுத்தவளேன்னு ஊரு கூட ஏசிட்டுப் போயிட்டான். அவ என்ன செஞ்சா? கலக்குனா. கலக்கச் சொன்னது நானு. வடிவு பாவம், அவளுக்கும் ஒரு டம்ளரு ஊத்துங்கட்டின்னு சொன்னது நானு."

நாற்காலியை மீண்டும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இப்ப கொட்டகையில யாரும் யார்கூடயும் சேந்து திங்குததில்ல. அவவ சோத்துச் சட்டிய அவவ மூடிக்கிட்டுத் திரும்பி உக்காந்து திங்காளுவ. ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். தப்பு எங்க மேலயா?"

"சட்டப்படி உங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை."

"சட்டத்த யாரு கேட்டா?" என்றார். சற்று நின்று என் முகத்தைப் பார்த்தார். போய்விட்டார்.

கோமதி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள்.

"நீங்க பாத்தீங்கல்லா?"

"எதை?"

"அன்னைக்குச் செருப்பெல்லாம் உப்போட வந்து, எல்லாத்தையும் ஒரே கொடத்துல கலந்து குடிக்காளுவ, கூட்டத்துல அந்த வடிவும் இருக்காங்கன்னு நீங்கதான சொன்னிய. நான் முருங்கக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். நீங்க டாக்டரம்மாட்ட சொல்லலியான்னு கேட்டதுக்கு, எழுத்துல கொடுக்கணும்னிய."

அவளுக்கு நினைவாற்றல் அதிகம்.

ஜூன் 19, வியாழன்

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஏப்ரல் 9 அன்று நான் எழுதியதை மீண்டும் வாசித்தேன். பதினொரு டம்ளர்கள் என்றே எழுதியிருக்கிறேன். பதினொன்றாவது யாருடையது என்று எழுதவில்லை. என் சொந்த நாட்குறிப்பில், யாரும் குறுக்கு விசாரணை செய்யாத இடத்தில், நான் அதை விட்டிருக்கிறேன்.

அது சொர்ணவடிவினுடையது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியளா, எனக்கும் கெடச்சிட்டு" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினார். அவருடைய சீட்டில் இருந்ததை அந்தக் கொட்டகையில் வாசித்தறிந்திருந்தவன் நான் ஒருவன். குடிக்க வேண்டாம் என்று இரண்டு சொற்கள் சொல்லியிருக்கலாம். ஆய்வில் தலையிட எனக்கு அதிகாரம் உண்டா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் குடித்து முடித்துவிட்டார். அதன்பின் நாற்பத்திரண்டு நாட்கள் குடித்திருக்கிறார்.

ஜூன் 12 தீர்மானத்தில் இட்ட ஒப்பத்தைத் திரும்பப் பெறுவதாகவும், காரணத்தைக் கூட்டத்தில் தெரிவிப்பதாகவும் தலைவருக்குக் கடிதம் எழுதி, கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். மாலையில் அவர் தொலைபேசியில் பேசினார்.

"உங்கள யாரு கேட்டா ஆவுடையப்பன்? முடிஞ்சுபோன விஷயம். ஒரு குடத்த நீங்க பாத்தீங்களா பாக்கலியான்னு எவன் வந்து கேக்கப்போறான்? நிலையத்துப் பேரு இருக்கு. உங்க பேரும் இருக்கு."

"அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் சேர்த்துவிடுங்கள்" என்றேன்.

"பாக்கலாம்" என்றார். நான் பலருக்கும் பலமுறை சொன்ன அதே சொல்.

ஜூன் 23, திங்கள்

காலை பத்து மணிக்கு உப்பளம். இடைவேளை நேரம். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பேச்சியம்மாள் லிங்கத்துரையையும் வரவழைத்திருந்தார். அவர் கொட்டகைக்குள் வராமல் வரப்பிலேயே நின்றார். பெண்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தனர். செல்வமேரி மட்டும் இடைவேளையிலும் பாத்தியில் நின்று உப்பை வாரிக்கொண்டிருந்தார். கன்ன எலும்புகள் துருத்தியிருந்தன. கூப்பிட்டும் வரவில்லை, ஆனால் குரல் எட்டும் தூரம்தான்.

எழுதி வைத்திருந்த தாளை எடுத்து வாசித்தேன்: "கடந்த ஏப்ரல் ஒன்பதாம் தேதி இக்கொட்டகையில் நிகழ்ந்ததை நேரில் கண்டிருந்தும், அதனை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவரத் தவறினேன் என்பதை இதன் மூலம்..."

"என்ன சொல்லுதிய?" என்றார் பேச்சியம்மாள். "எங்களுக்கு வெளங்குத மாரிச் சொல்லுங்க."

தாளை மடித்தேன். அதைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"நீங்கள் கலந்ததைப் பார்த்தேன். வடிவு குடித்ததையும் பார்த்தேன். அவருக்கு அது ஆகாது என்று தெரிந்திருக்க வேண்டியவன் நான். உங்களுக்குத் தெரியாது. யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை."

லிங்கத்துரை வரப்பிலிருந்து இறங்கி வந்தார். "ஆகாதுன்னு எங்க இருந்துச்சு?"

"அவரிடம் தந்த சீட்டில்."

"என்ன இருந்துச்சு அதுல?"

"சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகிவிட்டது என்று."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

"மார்ச் மாதம் என் வீட்டுக்கு வந்து காட்டினார். வாசித்தேன்."

என் சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் புகார் கொடுத்திருக்க மாட்டேன். அவர் கொட்டகைக் காலில் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். "எங்கட்ட ஒரு தலவலின்னுகூட சொல்ல மாட்டா" என்றார், யாரிடமும் அல்லாமல். பிறகு பாத்திக்குள் இறங்கினார். செல்வமேரி பின்வாங்கினார். அவர் கையிலிருந்த உப்பு வாரும் பலகையை லிங்கத்துரை வாங்கிக்கொண்டார்.

"போ. போயிச் சாப்பிடு" என்றார்.

செல்வமேரி அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண்கள் ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வந்தனர். ஒருவர் தன் தூக்குச்சட்டியைத் திறந்தார். என்னை யாரும் ஏசவில்லை. நான் அங்கே நிற்பதையே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"நில்லுங்க" என்றார் பேச்சியம்மாள். "இதே மாரி அந்தக் கூட்டத்துலயும் சொல்லுவியளா? இங்க சொன்னா எங்களோட போயிரும். அந்த டாக்டரம்மா இன்னும் நாங்கதான் கொன்னோம்னு நெனச்சிக்கிட்டு இருக்காவ."

"சொல்கிறேன்."

"தாளு இல்லாம?"

"தாள் இல்லாமல்."

"என்னைக்கு?"

அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இது சேர்ந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் காத்திருந்தார்.

"வருகிற வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணி."

"சரி. நாங்க பத்துப் பேரும் வாரோம்" என்றார். "வெளிய நிக்கோம். கதவத் தொறந்து வச்சிட்டுப் பேசுங்க."